நியூசிலாந்தில் மூன்று வாரம் சொந்தமாக வண்டி ஓட்டிச் சுற்ற: கொங்குப் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து குடும்பத்தோடு நியூசிலாந்து போய், வாடகைக்கு வண்டி எடுத்துத் தாங்களே ஓட்டிச் சுற்ற நினைக்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். பேக்கேஜ் டூரில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. டாலர் என்று வருகிற இடமெல்லாம் நியூசிலாந்து டாலர்தான். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 50 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூணு வாரம் லீவு இருக்குதுங்க. ரெண்டு தீவையும் முழுசாப் பாத்தரலாங்களா?

ரெண்டு தீவையும் பார்க்கலாம், முழுசாக முடியாது. பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் நாடு கைக்கு அடக்கமாகத் தெரியும். கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்தில் போய்விடுகிறோமே என்ற கணக்கை அங்கே எடுத்துப்போகாதீர்கள். ஊரைத் தாண்டி வெளியே வந்தால் நெடுஞ்சாலை என்பதே பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். நடுவில் தடுப்பு கிடையாது. பலகையில் 100 என்று போட்டிருக்கும். மலையும் வளைவும் ஆற்றுப்பாலமும் மாறி மாறி வருவதால் சராசரி 65, 70ஐத் தாண்டாது. கூகுள் நாலு மணி நேரம் என்றால் ஐந்தரை என்று எழுதிக்கொள்ளுங்கள். வழியெல்லாம் இறங்கி நிற்கத் தோன்றும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஒன்றரை மணி.

250 கிலோமீட்டரைத் தாண்டும் நாள் மூன்று வாரத்தில் நாலுக்கு மேல் இருக்கக்கூடாது. தினம் ஒரு ஊர் என்று போடாதீர்கள். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே பொழுது போய்விடும். 14 நாள்தான் கைவசம் என்றால் வடக்குத் தீவை விட்டுவிடுங்கள், வருத்தமே வேண்டாம்.

21 இரவுக்கு ஒத்துவரும் ஒரு வழி: கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி 1 இரவு, டெக்காப்போ ஏரி 2, மவுண்ட் குக் சிகரத்தைப் பார்க்க ட்வைசல் 2, டெ அனாவ் 3, குவீன்ஸ்டவுன் அல்லது பக்கத்திலுள்ள ஆரோடவுன் 2, வனாக்கா 1, ஹாஸ்ட் கணவாய் வழியாக ஃபிரான்ஸ் ஜோசஃப் 2, புனகைக்கி 1, நெல்சன் 2. இதுவரை தெற்குத் தீவு. பிக்டனில் கப்பல் ஏறி வடக்குத் தீவில் வெலிங்டன் 1, டவுப்போ 1, ரோட்டோருவா 2, கடைசியாக ஆக்லாந்து 1. சுற்றுவழி எல்லாம் சேர்த்து 3,300 கிலோமீட்டர் வரும். இதில் நீளமான நாட்கள் நான்கு: ட்வைசலிலிருந்து டெ அனாவ் சுமார் 360, வனாக்காவிலிருந்து ஃபிரான்ஸ் ஜோசஃப் 285, புனகைக்கியிலிருந்து நெல்சன் 270, வெலிங்டனிலிருந்து டவுப்போ 370. மழை, சலிப்பு, குழந்தைக்குக் காய்ச்சல் எது வந்தாலும் வெட்ட வேண்டிய ஊர்கள் வனாக்காவும் டவுப்போவும்.

எந்த மாசம் போறது நல்லதுங்க?

அங்கே பருவம் தலைகீழ். நம் பொங்கல் அவர்களுக்கு நடுக்கோடை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை அங்கே பள்ளி விடுமுறை என்பதால் அறையும் வண்டியும் இரட்டை விலைக்குப் போகும், அதுவும் கிடைத்தால். நம் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடியும் ஏப்ரல் கடைசி அங்கே இலையுதிர்காலம். ஆரோடவுனில் மரமெல்லாம் மஞ்சளும் செம்பும் கலந்து நிற்கும். கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு. கொங்குக் குடும்பங்களுக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. ஒரே குறை, ஆறு மணிக்குள் இருட்டிவிடும். டிசம்பரில் குவீன்ஸ்டவுனில் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும்.

மே பாதியைத் தாண்டவிடாதீர்கள். மலைவழிகளில் உறைபனி ஆரம்பித்துவிடும். தார் மேல் கண்ணாடி போலப் படியும் பனிக்கட்டி வெறும் ஈரம் மாதிரித்தான் தெரியும். நிழல் விழும் வளைவில் காலை பத்து மணி வரைகூட உருகாது. பனியில் ஓட்டிப் பழகாதவர்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் தெற்குத் தீவில் வண்டி எடுக்க வேண்டாம்.

தீபாவளி சமயம் அங்கே வசந்தம், காற்றும் மழையும் கூடுதல். டெக்காப்போ கரையில் லூபின் பூ பார்க்க ஆசை என்றால் நவம்பர் நடுவுக்கு மேல் போக வேண்டும்.

கோயமுத்தூர்ல இருந்தே ஃப்ளைட் இருக்குதுங்களா?

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கும் ஆக்லாந்துக்கும் நேரடியாகப் பத்து மணி நேரம். கவனிக்க வேண்டியது டிக்கெட் ஒரே பதிவில் இருக்கிறதா என்பது. மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் போட்டால் சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு வெளியே வர வேண்டும், அதற்கு விசா கேள்வி வரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குப் பொறுப்பேற்க ஆளில்லை. ஆஸ்திரேலியா வழியாகப் போட்டால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி ஆக்லாந்தில் ஏறும்படி டிக்கெட் போடுங்கள். போன வழியே திரும்பும் இரண்டு நாள் மிச்சம்.

எங்களுக்கு சம்பளச் சீட்டெல்லாம் இல்லீங்க, தோட்டமும் பவர்லூமும்தான். விசா கெடைக்குமுங்களா?

கிடைக்கும். மனு ஆன்லைனில்தான். தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆளுக்கு 1,000 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 டாலர் போதும். சுற்றுலாப் பயணிகளுக்கான வரி 100 டாலர் தனி. பாஸ்போர்ட் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் தடுக்கி விழுவது காகிதத்தில். பட்டா, சிட்டா, பால் சொசைட்டி பாஸ்புக் எல்லாம் தமிழில் இருக்கும். அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றினால் பயனில்லை. முறையான ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். இன்னொன்று, மனு போடுவதற்கு முந்தின வாரம் மச்சானிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது. ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் அது துருத்திக்கொண்டு தெரியும். மஞ்சளோ தேங்காயோ விற்ற பணம் என்றால் மண்டி ரசீதை வையுங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதுவே பெரிய பலம். திரும்பி வருவதற்கு என்ன காரணம் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள்: படிக்கிற பிள்ளைகள், ஓடுகிற தறி, வயசான பெற்றோர்.

விசா வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரத்துக்குள் பயணி அறிவிப்புப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

நம்ம லைசென்ஸ் செல்லுமுங்களா?

செல்லும். ஆங்கிலத்தில் இருக்கும் ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் போதும். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் டிஜிலாக்கர் நகலைக் காட்டி வண்டி வாங்க முடியாது. பழைய லைசென்ஸில் தமிழ் கலந்திருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். சில வாடகை நிறுவனங்கள் எப்படியும் அதைக் கேட்பதால் வாங்கி வைப்பது நல்லதே. சாதாரண கார் லைசென்ஸிலேயே 6,000 கிலோ வரையுள்ள கேம்பர் வேனை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேனை, ஓட்டலாம். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதென்றால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேம்பர் வேன் எடுக்கறதா, காரும் ரூமுமாப் போறதா?

படத்தில் கேம்பர் வேன்தான் அழகு. ஏரிக்கரையில் நிறுத்தி, கதவைத் திறந்து காபி குடிக்கலாம். கணவன் மனைவி இரண்டு பேர், அல்லது நாலு இளவட்டங்கள் என்றால் தாராளமாக எடுங்கள். அப்பத்தாவும் குழந்தையும் கூட வந்தால் காரும் சமையலறை உள்ள மோட்டலும்தான் சரி.

காரணம் கழிவறை. வேனில் இருக்கும் கழிவறைக்கு அடியில் இருபது லிட்டருக்குள்ளான ஒரு பெட்டி இருக்கும். நாலு பேர் புழங்கினால் இரண்டாம் நாள் நிரம்பிவிடும். அதைக் காலி செய்ய வேண்டியது நீங்கள்தான், ஆள் வராது. வெளிப்பக்கக் கதவைத் திறந்து, பிடியை அழுத்திப் பெட்டியை இழுத்து, கழிவு கொட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோய், குழாய் மூக்கைத் திருப்பி மூடியைக் கழற்றிக் கொட்ட வேண்டும். கொட்டும்போது காற்றுப் பொத்தானை அமுக்கியே வைத்திருங்கள். விட்டால் ‘குபுக் குபுக்’ என்று காலில் தெறிக்கும். பிறகு தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு தரம் அலசி, மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். அங்கே இரண்டு குழாய் இருக்கும்; அலசும் குழாயில் குடிநீர் பிடித்துவிடாதீர்கள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற அழுக்குத் தண்ணீருக்குத் தனித் தொட்டி, அதற்குத் தனி ஹோஸ். இந்த வேலை யாருடையது என்று கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். மாப்பிள்ளை தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்துப் போய், மூன்றாம் நாள் முகம் தூக்கிக்கொண்டு திரியும் குடும்பங்கள் உண்டு.

கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கவும் முடியாது. இலவசமாகத் தங்க அனுமதித்த இடங்களில் பெரும்பாலும் கழிவறை பொருத்திய, சான்று பெற்ற வேன்கள் மட்டும்தான் நிற்கலாம். அந்தச் சான்றான பச்சை வாரண்ட் அட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். மீறினால் 400 டாலர் அபராதம். ஹாலிடே பார்க்கில் (காசு கட்டி வேனை நிறுத்தித் தங்கும் இடம்) கரண்ட் இணைப்புள்ள இடம் எடுத்தால் சுடுதண்ணீர்க் குளியலும் பொதுச் சமையலறையும் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது அங்கே தங்குங்கள்.

ஏழு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. வண்டியோடு சேர்த்து வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் வாங்கினா எல்லாம் கவராயிருமுங்களா?

ஆகாது. ‘ஃபுல் கவர்’ என்ற சொல்லை நம்பாமல் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். வழக்கமாக விட்டுப்போவது: வண்டியின் கூரை, அடிப்பாகம், தண்ணீரில் இறக்கியதால் வந்த சேதம், தவறான எரிபொருள், வேன் தானாகக் கவிழ்வது. போகக்கூடாத சாலைகளும் உண்டு. குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் ரோடும் வடக்கே நைன்ட்டி மைல் பீச்சும் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அங்கே கால் வைத்தாலே இன்சூரன்ஸ் செல்லாது.

பலருக்குத் தெரியாதது காரின் கதவுச் சேதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்று எப்படி வந்து மோதும் என்று நமக்குத் தெரியும்; காற்றாலையெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது. அங்கே இரண்டு தீவுக்கும் நடுவிலுள்ள குக் ஜலசந்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது. மேற்குக் காற்று மலைகளுக்கு நடுவே நெருக்கிப் பிதுங்கி வெலிங்டனில் வந்து அடிக்கிறது. கதவை லேசாகத் திறந்ததும் காற்று பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும், கீல் வளைந்துபோகும். காற்றால் வந்த கதவுச் சேதம் பல ஒப்பந்தங்களில் விலக்கு. வண்டி முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே திறங்கள், குழந்தைகளுக்குப் பெரியவர்கள் திறந்துவிடுங்கள்.

டெபாசிட் தொகையை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். மனைவி கார்டு, டெபிட் கார்டு எடுபடாமல் கவுண்டரில் நிற்க வேண்டி வரும். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இடது பக்கம்தானுங்க ஓட்டறது? அப்ப நமக்கு என்ன கஷ்டம்?

இடது பக்கம் என்பதால்தான் அசட்டையாகிவிடுகிறோம். திம்பம், கொல்லிமலை கொண்டை ஊசியெல்லாம் ஓட்டினவருக்கு அங்கத்து வளைவு பெரிய விஷயமே இல்லை. கஷ்டம் பழக்கத்தில்.

ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ‘ஸ்டாப்’ பலகை இருந்தாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும்; மூக்கை நுழைத்தவன் போவான் என்ற நம்மூர் நியாயம் அங்கே மோதலில் முடியும். லைட்டை அடித்துக் காட்டினால் இங்கே ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று பொருள், அங்கே ‘நீ போ’ என்று எடுத்துக்கொள்வார்கள். ஹாரன் அடிப்பது திட்டுவதற்குச் சமம். நடுக்கோடு உங்கள் பக்கம் மஞ்சளாக இருந்தால் முந்தக் கூடாது. பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். காட்சி பார்க்க நடுச்சாலையில் மெதுவாக்குவதுதான் உள்ளூர்க்காரர்களுக்கு ஆகாத ஒன்று.

பழகாதது ஒருவழிப் பாலம். தெற்குத் தீவின் மேற்குக் கரையில் அடிக்கடி வரும். பாலத்துக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும். நீலச் சதுரத்தில் பெரிய வெள்ளை அம்பு மேலே பார்த்தும், சின்னச் சிவப்பு அம்பு கீழே பார்த்தும் இருந்தால் முதலில் போவது நீங்கள். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில், எதிர் அம்பு பெரிதாகக் கறுப்பில் இருந்தால் எதிரே வருகிறவர் கடக்கும் வரை நின்றே ஆக வேண்டும். எந்த அம்பு பெரிதோ அவருக்கே பாலம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரிமை உங்களுக்கே என்றாலும் எதிரே ஒருவர் ஏற்கெனவே பாலத்தில் ஏறியிருந்தால் பொறுங்கள்.

வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35 என்று இருந்தால் 35தான். அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஜல்லிச் சாலையில் 50க்கு மேல் போகாதீர்கள். சடாரென்று பிரேக் அடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 150 டாலர். வேக வரம்பைவிட 40 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போனால் சாலையோரத்திலேயே 28 நாளுக்கு லைசென்ஸ் முடக்கம், அதோடு பயணமே முடிந்தது.

இறங்கின அன்று ஓட்டாதீர்கள். நமக்கும் அவர்களுக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஏழரை. அங்கே காலை பத்து மணி வெயிலில் உங்கள் உடம்புக்கு இன்னும் நடுச்சாமம்.

மில்ஃபோர்ட் சவுண்டை குவீன்ஸ்டவுன்ல இருந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்தரலாங்களா?

மில்ஃபோர்ட் சவுண்ட் என்பது செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த இடம், படகில் போய்ப் பார்க்க வேண்டும். குவீன்ஸ்டவுனிலிருந்து போக 290 கிலோமீட்டர், வர 290. அன்றைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டெ அனாவில் தங்கினால் ஒரு பக்கம் 120 கிலோமீட்டர்தான். மேலே சொன்ன வழியில் டெ அனாவுக்கு மூன்று இரவு கொடுத்தது அதற்காகவே. ஒரு நாள் சாலை அடைத்திருந்தாலும் மறுநாள் மிச்சம் இருக்கும்.

டெ அனாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். வழியில் பெட்ரோலை எதிர்பார்க்க முடியாது, பெரும்பகுதி போன் சிக்னலும் இல்லை. காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பினால் குவீன்ஸ்டவுன் பேருந்துகள் வந்து சேரும் முன் படகில் ஏறிவிடலாம். எக்ளின்டன் பள்ளத்தாக்கு, மிரர் லேக்ஸ், மங்கி க்ரீக் மூன்றையும் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஹோமர் சுரங்கம்: 1950களில் திறந்தது, 1.2 கிலோமீட்டர், செதுக்கிய பாறை அப்படியே தெரியும், மில்ஃபோர்டை நோக்கிச் சரிவாக இறங்கும். கூட்டக் காலத்தில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக மாற்றி மாற்றி விடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் கியா என்ற மலைக்கிளி காரின் மேல் வந்து உட்காரும். பார்க்க அழகு, ஆனால் வைப்பர் ரப்பரையும் ஜன்னல் ரப்பரையும் பிய்த்துவிடும். தீனி போடாதீர்கள்.

மழை என்று டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். கோவையில் ஒரு வருடம் பெய்வதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு அங்கே கொட்டுகிறது. மழை பெய்தால்தான் பாறைச் சுவரெல்லாம் அருவியாக இறங்கும். மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவு ஆபத்து உண்டு, டயருக்குச் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். சங்கிலி மாட்டத் தெரியாதவர்கள் அந்த ஒரு நாளுக்குப் பேருந்தில் போங்கள்.

கப்பல்ல காரையும் ஏத்திக்கலாங்களா?

பிக்டனிலிருந்து வெலிங்டன் சுமார் மூன்றரை மணி நேரம். இன்டர்ஐலேண்டர், புளூபிரிட்ஜ் என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களும் கார் ஏற்றுகின்றன. ஆனால் வாடகை நிறுவனம் வண்டியைக் கடல் தாண்ட அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில நிறுவனங்கள் பிக்டனில் வண்டியை வாங்கிக்கொண்டு வெலிங்டனில் வேறு வண்டி தரும். அதில் தப்பில்லை, பெட்டிதான் தூக்க வேண்டும். வண்டியோடு போவதென்றால் பதிவின்போது வண்டியின் நீளத்தைச் சரியாகக் கொடுங்கள், வேனில் கேஸ் வால்வை மூடுங்கள், ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

பிக்டன் பக்கம் முதல் ஒரு மணி நேரம் மலைகளுக்கு நடுவே குளம் போல இருக்கும். திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் ஆரம்பம். குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட வேண்டும், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. அலை பெரிதாக இருந்தால் சேவையை ரத்து செய்துவிடுவார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள்.

ஊர்ல இருந்து என்னென்ன சாப்பாடு சாமான் கொண்டு போலாமுங்க?

இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். பதில் ஒரே வரி: உணவு எதுவாக இருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் ‘ஆம்’ என்று போடுங்கள். சொல்லிவிட்டுக் கொண்டுபோனால் அதிகபட்சம் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், அபராதம் கிடையாது. சொல்லாமல் ஒரு கொய்யாப்பழம் பையில் கிடந்தாலும் 400 டாலர், அதாவது 20,000 ரூபாய். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் கைப்பையில் போட்டு மறந்தவர்களும் அதையேதான் கட்டுகிறார்கள்.

வீட்டிலேயே விட்டுப்போக வேண்டியவை: கறிவேப்பிலை, பச்சைக் காய்கறி, பழம், தேன், இறைச்சி, விதைக்கிற நிலையிலுள்ள எதுவும். ஊத்துக்குளி வெண்ணெயும் நெய்யும் வேண்டாம். பால் பொருட்களின் விதிகள் சிக்கலானவை, அங்கே நல்ல வெண்ணெய்க்குப் பஞ்சமும் இல்லை. கொண்டுபோவதென்றால் கடையில் வாங்கி சீல் உடைக்காத, ஆங்கில லேபிள் உள்ள பொடி, மசாலா, ரெடிமிக்ஸ், வறுத்த தின்பண்டம். அம்மிச்சி கையால் இடித்த பருப்புப்பொடியை எந்த லேபிளும் இல்லாத டப்பாவில் கொண்டுபோனால் அது என்னவென்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வையுங்கள், வரிசையில் பெட்டியைக் குடையும் வேலை மிச்சம்.

செருப்பும் ஷூவும் முக்கியம். தோட்டத்துச் செம்மண் ஒட்டின ஷூவைப் பல் துலக்கும் பிரஷ் வைத்து அடிப்பக்கம் வரை தேய்த்துக் கழுவி உலர்த்தி எடுத்துப்போங்கள். தோட்டம், ஆடு மாடு பக்கம் போய்வந்திருந்தால் அதையும் படிவத்தில் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

அங்க சமைச்சுக்க முடியுமுங்களா? அப்பாவுக்கு சோறு இல்லாம ஆகாது.

முடியும். பெரும்பாலான மோட்டல் அறைகளில் அடுப்பு, பிரிட்ஜ், பாத்திரம் இருக்கும். பதிவு செய்யும்போது சமையலறை உண்டா என்று பார்த்துப் போடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் முதல் நாளே இந்திய மளிகைக் கடையில் பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகாய் வாங்கிவிடுங்கள். டெக்காப்போ தாண்டினால் சின்ன ஊர்களில் அதெல்லாம் எளிதில் கிடைக்காது. சின்ன எலக்ட்ரிக் குக்கர் ஒன்று இருந்தால் அரிசியும்பருப்புச் சோறு இருபது நிமிடத்தில் ஆகிவிடும். தயிரும் வெங்காயமும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. காலையிலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் மதியம் ஏரிக்கரை மேசையில் சாப்பிடலாம். சின்ன ஊர்களில் மதியம் இரண்டரைக்கு மேல் ஓட்டல் சமையலறையை மூடிவிடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, தாளிப்பு. கடுகும் வரமிளகாயும் காய்ந்த எண்ணெயில் பொரிகிற புகையில் அறையின் புகை அலாரம் அலறும். பல மோட்டல்களில் அது நேராகத் தீயணைப்புத் துறைக்குப் போகும். வீணாக வண்டி வந்த செலவை உங்கள் கணக்கில் எழுதுவார்கள். எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, வெளிக்கதவைச் சாத்தி, தீயைக் குறைத்துத் தாளியுங்கள். வரமிளகாயைக் கடைசியாகப் போட்டு உடனே பருப்பில் கொட்டிவிடுங்கள். அலாரத்தைக் கழற்றுவது, துணி கட்டுவது கூடவே கூடாது. நிம்மதியாகத் தாளிக்க வேண்டுமானால் ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறைதான்.

வயசானவங்க மருந்து, ஆஸ்பத்திரி?

மூன்று மாதத்துக்குட்பட்ட மருந்தை மாத்திரை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோகலாம். வாராந்திர டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டு அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அங்கே விபத்தில் அடிபட்டால் சுற்றுலாப் பயணிக்கும் அரசு நிதியிலிருந்து சிகிச்சைக்கு உதவி உண்டு. நெஞ்சுவலி, காய்ச்சல் போன்ற நோய்க்குக் கிடையாது, முழுச் செலவும் நம் தலையில்தான். அதனால் பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷரை மறைக்காமல் எழுதுங்கள். அவசர எண் 111.

நடக்க முடியாதவர்களுக்கு மில்ஃபோர்ட் படகு, டெக்காப்போ கரை, ரோட்டோருவா வெந்நீர்ப் பூங்காக்கள் போதுமானவை.

துணிமணி?

நம் திருப்பூர் காட்டன் பனியன் அங்கே உள்ளாடையாக உதவாது. நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். திருப்பூரிலேயே கிடைக்கும் பாலியஸ்டர் தெர்மல் வாங்குங்கள், அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. வெயில் சுடாத மாதிரி இருக்கும், தோல் உரிந்துவிடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் எல்லோருக்கும்.

மேற்குக் கரையிலும் மில்ஃபோர்டிலும் சேண்ட்ஃப்ளை என்ற கறுப்புப் பூச்சி கடிக்கும். நடந்துகொண்டே இருந்தால் மொய்க்காது, நின்றால் கணுக்காலைத் தேடி வரும். சாக்ஸும் முழுக்கால் பேன்ட்டும் போட்டு, பூச்சி கடிக்கும் முன்பே விரட்டும் மருந்தைத் தடவ வேண்டும்.

டீசல் மலிவுங்களா?

பம்ப்பில் மலிவுதான். ஆனால் அங்கே டீசலுக்கான சாலை வரி லிட்டரில் இல்லை, ஓடும் கிலோமீட்டருக்குத் தனியாக. வண்டியைத் திருப்பும்போது அதைக் கணக்குப் பார்த்து வாங்குவார்கள். 3,300 கிலோமீட்டருக்கு நடுத்தரப் பெட்ரோல் கார் 100க்கு 8 லிட்டர் குடித்தால் 264 லிட்டர், லிட்டர் இரண்டரை டாலர் என்று வைத்தால் 660 டாலர், சுமார் 33,000 ரூபாய். மேற்குக் கரையில் அரை டேங்க் ஆனதும் நிரப்புங்கள். ஃபாக்ஸ் கிளேசியருக்கும் ஹாஸ்டுக்கும் நடுவே 120 கிலோமீட்டர். ஆளில்லாத பம்ப்புகளில் பின் நம்பர் உள்ள கார்டு வேண்டும்.

போன், கரண்ட்?

மலைப்பகுதியில் சிக்னல் போய்ப்போய் வரும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். பிளக் வடிவம் வேறு; இரண்டு அடாப்டரும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் எடுத்துப்போனால் எல்லாம் சார்ஜ் ஆகும்.

முதல்ல எதை புக் பண்றதுங்க?

விசா வந்ததும் வண்டி, அதே நாளில் கப்பல். அடுத்தது டெக்காப்போ, ட்வைசல், டெ அனாவ், ஃபிரான்ஸ் ஜோசஃப் அறைகள். சின்ன ஊர்கள், சீக்கிரம் நிரம்பும். கிறைஸ்ட்சர்ச், வெலிங்டன், ஆக்லாந்து கடைசியில் போட்டாலும் கிடைக்கும். விசாவுக்கு முன்பே போடுகிற எதையும் ரத்து செய்யும் வசதியோடு போடுங்கள்.

வண்டியை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நாலு பக்கம், கூரை, நாலு சக்கரம், முன்கண்ணாடி, மீட்டர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ஜல்லித் தெறிப்பால் முன்கண்ணாடியில் விழும் கடுகளவு புள்ளியை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். விட்டால் ஒரு குளிர் ராத்திரியில் கோடாக ஓடும், முழுக் கண்ணாடிக்கும் பணம் கேட்பார்கள்.